பிடியில் தொடங்கும் குறி: ரிவால்வர் கைப்பிடியின் வடிவமும் சுடுபவரின் கையும்

தோட்டா இல்லாத ரிவால்வர் ஒன்றைப் பட்டறைப் பிடிப்பானில் இறுக்கி, அதன் முன்குறியும் பின்குறியும் எதிரே உள்ள இலக்கின் நடுப்புள்ளியைக் காட்டும்படி வைத்துக்கொள்வோம். இப்போது குழலுக்குள் நேரான நீண்ட கம்பியைச் செருகினால் கம்பியின் முனை அந்தப் புள்ளியைக் காட்டாது. அதற்குக் கீழே எங்கோ காட்டும். முதன்முறை பார்ப்பவர்கள் உற்பத்திப் பிழை என்றே நினைப்பார்கள். பிழை அல்ல. குழல் சற்றே கீழ்நோக்கி இருக்கவேண்டும் என்பதற்காகவே முன்குறியை உயரமாக வைத்திருக்கிறார்கள்.

வெடிமருந்து தீப்பற்றிய கணத்திலிருந்து குண்டு குழல்வாயை விட்டு வெளியேற ஓராயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு நொடி ஆகிறது. அதற்குள்ளேயே துப்பாக்கி பின்னால் நகரத் தொடங்கிவிடுகிறது. 10 கிராம் குண்டு 10 சென்டிமீட்டர் குழலைக் கடக்கும்போது 900 கிராம் ரிவால்வர் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பின்னேறும். உந்தம் மாறாக் கோட்பாட்டை வைத்துப் பள்ளி மாணவரும் இதைக் கணக்கிடலாம். குழல் கைக்கு மேலே இருப்பதால் இந்தப் பின்னேற்றம் நேராக நிகழாமல் மேல்நோக்கிய சுழற்சியாக மாறுகிறது. குண்டு வெளியேறும்போது குழல் எந்தக் கோணத்திற்கு உயர்ந்திருக்கிறதோ, அதுதான் குண்டு போகும் திசை. கீழ்நோக்கிய குழல் அந்த உயர்வுக்கான முன்கூட்டிய ஈடு. ஒரே ரிவால்வரில் கனமான, மெதுவான குண்டு இலகுவான, வேகமான குண்டைவிட மேலே போய்த் தைப்பதும் இதனால்தான். அது குழலுக்குள் கூடுதல் நேரம் தங்குகிறது. குழல் அதற்குள் கூடுதலாக உயர்ந்துவிடுகிறது.

ஆக, குண்டின் பாதையைத் தீர்மானிக்கும் சுழற்சிக்கு அச்சாக இருப்பது மனிதக் கை. அந்தக் கையால் நடப்பதை உணர்ந்து எதிர்வினை செய்ய 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும். குண்டு அதற்கு வெகு முன்பே போய்விட்டது. ஒன்றிரண்டு மில்லிநொடிக்குள் கை எப்படி நடந்துகொள்ளும் என்பது முன்பே முடிவாகியிருக்கவேண்டும்: எவ்வளவு உயரத்தில் பிடித்திருக்கிறது, எவ்வளவு இறுக்கம், எலும்புகள் எந்தக் கோட்டில் நிற்கின்றன. இந்த மூன்றையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமைத்துத் தருவதுதான் கைப்பிடியின் வேலை. கைப்பிடியை அலங்காரமாகவும், யானைத்தந்தமா வால்நட் மரமா என்ற ரசனையாகவும் பேசும் பழக்கம் துப்பாக்கி ஆர்வலர்களிடம் உண்டு. என்னைப் பொறுத்தவரை அது குறிபார்க்கும் கருவியின் பகுதி. முன்குறி, பின்குறிக்கு அடுத்த மூன்றாவது குறி என்றே சொல்வேன்.

கைப்பிடி வடிவங்களின் வரலாற்றைப் படித்துப் பார்த்தால், சுடுபவரின் கை எந்த வேலையைச் செய்யவேண்டியிருந்ததோ அந்த வேலைக்கேற்ப வடிவம் மாறிவந்திருப்பது தெரிகிறது. சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ரிவால்வரிலும் அதன் வழித்தோன்றல்களிலும் ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னால் கட்டைவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தவேண்டும். (மோதி மருந்தை வெடிக்கவைக்கும் சிறு சுத்தியலைத்தான் குதிரை என்கிறேன், துப்பாக்கிக் குதிரை என்பது தமிழில் பழைய வழக்கு.) குதிரை இழுபட்டு நின்றபின், ஆள்காட்டி விரலால் இழுக்கும் விசைக்குத் தேவைப்படும் அழுத்தம் சொற்பம். கட்டைவிரலுக்குத்தான் வேலை அதிகம்.

கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி ரிவால்வரில் இருந்த கைப்பிடி வடிவம் 1873-இல் வந்த சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ரிவால்வரிலும் தொடர்ந்தது. பழைய ஏர்க்கலப்பையின் மேழியைப் போல வளைந்திருப்பதால் அமெரிக்கர்கள் இதை ஏர்ப்பிடி என்றே அழைக்கிறார்கள். முதுகுப்புறத்தில் தடுப்பு எதுவும் இல்லாத வழுவழுப்பான வளைவு அது. சுட்டதும் துப்பாக்கி உள்ளங்கைக்குள் உருண்டு, குழல் வானத்தைப் பார்க்க எழும்புகிறது. உதை ஒரே இடத்தில் அடிக்காமல் உருளலாகச் செலவாகிறது. உருண்டு முடியும்போது குதிரை கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. அடுத்த சூட்டுக்கு அதை இழுத்துக்கொண்டே குழலைக் கீழே இறக்கலாம். குதிரைமேல் அமர்ந்து ஒற்றைக் கையால் சுட்ட ஒரு படைவீரனுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் அமைந்திருக்காது.

இந்த உருளலுக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் பிடி இடம் மாறிவிடுகிறது. பழைய நிலைக்குக் கை திரும்பாவிட்டால் அடுத்த குண்டு வேறிடத்தில் தைக்கும். 1870-களின் தொடக்கத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்திடம் ரஷ்ய அரசு மாடல் 3 ரிவால்வர்களைப் பெருமளவில் வாங்கியபோது கேட்டுப் பெற்ற மாற்றங்களில் ஒன்று, கைப்பிடியின் முதுகில் மேலே ஒரு கூர்மையான திமில். கை அதற்கு மேல் ஏற முடியாது. துப்பாக்கியும் கைக்குள் உருள முடியாது. விசைக்காப்பு வளையத்தின் அடியில் நடுவிரலுக்கு ஒரு கொக்கியும் வந்தது. பிடி இடம் மாறாமல் நின்றது. ஆனால் திமில் கையை எப்போதும் கீழேயே நிறுத்தியதால் குதிரையை எட்டுவது சிரமமாயிற்று.

கோல்ட் இதே சிக்கலுக்கு இன்னொரு வழி கண்டது. இங்கிலாந்தின் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1890-இல் தன் போட்டிகளை விம்பிள்டனிலிருந்து பிஸ்லி என்ற ஊருக்கு மாற்றியது. அந்தப் போட்டிக்களத்தின் பெயரையே சூட்டி 1894-இல் கோல்ட் வெளியிட்ட பிஸ்லி மாதிரியில் கைப்பிடி நீண்டு, கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கி, குதிரைக்கு அடியில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான கவட்டையைத் தழுவியபடி உயர்ந்தது. குதிரையின் நுனியைத் தாழ்த்தி அகலமாக்கினார்கள். துப்பாக்கி உருளாது, கட்டைவிரலும் எட்டும். வேகத்துக்கு இடமில்லாத இலக்குப் போட்டிக்கு உருளாமை நல்லது. ஆனால் உருளாத துப்பாக்கி உதையை நேராகக் கைக்குள் இறக்கும். அன்றைய மிதமான தோட்டாக்களுக்கு அது பொருட்டில்லை. ரூகர் நிறுவனம் 1980-களில் பிஸ்லி வடிவத்தை மீட்டெடுத்தபோது அதை ஏர்ப்பிடியைவிட இதமாக உணர்ந்தவர்களும் உண்டு, வலி கூடியதாகச் சொன்னவர்களும் உண்டு. இரு தரப்புமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நடுவிரல் கணு தடித்தவருக்கு ஏர்ப்பிடியில் துப்பாக்கி பின்னேறும்போது விசைக்காப்பு வளையம் அந்தக் கணுவைத் தட்டும். அவருக்கு நீண்ட பிஸ்லி பிடி விடுதலை. மெல்லிய கைக்காரருக்கு உருளல்தான் இதம்.

குதிரையைக் கட்டைவிரலால் இழுக்காமல், விசையை ஒரே இழுப்பாக இழுத்தாலே குதிரை எழும்பி விழும் இரட்டைச் செயல் ரிவால்வர்கள் பரவியதும் கையின் வேலை முற்றிலும் மாறியது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1899-இல் கொண்டுவந்த மிலிட்டரி அண்ட் போலீஸ் மாதிரியும் அதன் வாரிசுகளும் அமெரிக்கக் காவலர்களின் இடுப்பில் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தன. குதிரையை முன்பே இழுத்து நிறுத்திய ரிவால்வரில் விசைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ அழுத்தம் போதும். இரட்டைச் செயலில் நான்கரை முதல் ஐந்தரை கிலோ வரை வேண்டும். துப்பாக்கியின் எடையோ ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின். ஒரு பொருளை அதன் எடையைப்போல ஐந்து மடங்கு அழுத்தத்தால் ஒரு விரல் இழுக்கிறது. அதே நேரம் அந்தப் பொருள் அசையக்கூடாது. உதையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குறி தவறுவதில் பெரும்பங்கு இந்த இழுப்புக்குத்தான் என்பேன். உதைக்கு முன்பே, குண்டு கிளம்புவதற்கும் முன்பே, குறி கலைந்துவிடுகிறது.

10 சென்டிமீட்டர் குழல் கொண்ட ரிவால்வரில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 15 சென்டிமீட்டர் இருக்கும். விசை இழுபடும்போது முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால் 25 மீட்டர் தொலைவில் குண்டு 16 சென்டிமீட்டருக்கு மேல் விலகித் தைக்கும். சர்வதேசப் போட்டிகளின் 25 மீட்டர் துல்லிய இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 5 சென்டிமீட்டர். அதற்குள் நிற்க முன்குறி 0.15 மில்லிமீட்டருக்கு மேல் விலகக்கூடாது. ஏறத்தாழ இரண்டு தலைமுடிகளின் பருமன். ஐந்து கிலோ இழுப்புக்கு நடுவே இந்த அளவைக் காப்பாற்றவேண்டும் என்றால் விசை நேர் பின்னால் வரவேண்டும்; விரல் அதைப் பக்கவாட்டில் துளியும் தள்ளக்கூடாது.

கைப்பிடியின் பருமன் இங்கேதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிடியின் முதுகிலிருந்து விசை வரையிலான தூரம் கைக்கு அதிகமாக இருந்தால் விரல்நுனி மட்டுமே விசையைத் தொடும். விரல் முழுவதையும் எட்டவைக்க அந்த ஆள் துப்பாக்கியைக் கைக்குள் திருப்பிப் பிடிப்பார். அப்போது குழல் முன்கை எலும்பின் கோட்டிலிருந்து விலகி, உதை கட்டைவிரலின் அடிமூட்டில் இறங்கும். பலர் இதை உதை என்று குற்றம் சொல்கிறார்கள். உண்மையில் அது அளவுப் பொருத்தமின்மை. பெரிய கைக்காரருக்கு மெல்லிய பிடி கிடைத்தால் நேர்மாறு: விரல் இரண்டாம் கணு வரை உள்ளே போய்விடும், விரல்நுனி துப்பாக்கியின் உலோகச் சட்டத்தில் உரசும், இழுப்பின் கடைசியில் துப்பாக்கி ஒருபக்கம் தள்ளப்படும்.

பழைய காவல்துறை ரிவால்வர்களின் மெல்லிய மரப்பிடிகளில் வேறொரு குறை இருந்தது. விசைக்காப்பு வளையத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி. கை அந்த வெற்றிடத்தில் தங்க ஏதுமின்றிக் கீழே சரியும். அல்லது நடுவிரல் மேலேறி வளையத்தில் அடிவாங்கும். அந்த இடைவெளியில் பொருத்தும் சிறு உலோகத் துண்டுகளை விற்றவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். டைலர் டி-கிரிப் அவற்றில் பெயர்பெற்றது. பார்க்க அற்பமான பொருள். ஆனால் கைக்கு உயரமான, நிலையான ஓர் இருப்பிடத்தை அது தந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1935-இல் .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவை வெளியிட்ட காலத்தில் கொண்டுவந்த மேக்னா பிடிகள் மரத்தைப் பக்கவாட்டில் மேலே உயர்த்தி, சட்டத்தின் கூர்மையான தோள் கையைக் குத்தாமல் பார்த்துக்கொண்டன. பின்னர் வந்த அகன்ற இலக்குப் பிடிகள் பெரிய கைகளுக்கு அரண்மனை, சிறிய கைகளுக்குச் சிறை.

உயரமாகப் பிடிப்பதன் பலனை வேகச் சூட்டு நிபுணர்கள் நிரூபித்திருக்கிறார்கள். எட் மெக்கிவர்ன் 1932-இல் இரட்டைச் செயல் ரிவால்வரில் ஐந்து குண்டுகளை 0.45 நொடியில் சுட்டார். ஜெர்ரி மிகுலெக் 1999-இல் ஆறு குண்டுகள் சுட்டு, மீண்டும் தோட்டா நிரப்பி, இன்னும் ஆறு சுட எடுத்துக்கொண்டது 2.99 நொடி. மிகுலெக்கின் பெயரில் விற்கப்படும் பிடி ரப்பர் அல்ல. விரல் பள்ளங்களும் இல்லாத வழுவழுப்பான மரம். முதுகின் மேற்பகுதியை அது மூடாமல் விடுவதால் கவட்டை முடிந்தவரை உயர ஏறி உட்காரும். கை குழலை நெருங்க நெருங்கச் சுழற்றும் நெம்புகோலின் நீளம் குறையும். இதே தர்க்கத்தை எல்லைவரை கொண்டுபோனவர் இத்தாலிய வடிவமைப்பாளர் எமிலியோ கிசோனி. மடேபா யூனிகா 6, சியாப்பா ரைனோ ஆகியவற்றில் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் மேல் அறைக்குப் பதில் அடி அறையிலிருந்து குண்டு கிளம்பும்படி அவர் அமைத்தார். குழல் கையின் கோட்டுக்கே இறங்கிவிட, எகிறல் வெகுவாகக் குறைந்தது. பதிலுக்கு உள் இயந்திரம் சிக்கலாயிற்று.

விரல் பள்ளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரர் எடுத்துக் காட்டும்போது அவை கச்சிதமாகத் தோன்றும். யாருடைய விரல்களை அளந்து செதுக்கினார்களோ அவருக்கு மட்டுமே அவை கச்சிதம். மற்றவர்களின் விரல்களை மேடுகள் பிரித்து வைத்து, கையைக் கீழே தள்ளும். சொந்தக் கைக்கு வார்த்துக்கொள்ளாத பள்ளங்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். சர்வதேசப் போட்டிக்காரர்கள் தங்கள் மரப்பிடிகளில் மரப்புட்டி அப்பி, அரத்தால் தேய்த்து, மாதக்கணக்கில் திருத்துவார்கள். மணிக்கட்டைத் தாங்கும்படி பிடி நீளக்கூடாது என்பது 25 மீட்டர் போட்டிகளின் விதி. அந்த எல்லைக்குள் அவர்கள் செய்யும் செதுக்கல் ஒரு சிற்ப வேலை.

இனி வலி. .38 ஸ்பெஷல் தோட்டாவின் 10.2 கிராம் குண்டு நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் கிளம்பும்போது, வெடிவாயுவையும் சேர்த்தால், துப்பாக்கிக்குக் கிடைக்கும் உந்தம் ஏறத்தாழ 2.7 கிலோகிராம்-மீட்டர்/நொடி. 900 கிராம் ரிவால்வரில் இது 4 ஜூல் உதை. சட்டைப் பையில் வைக்க அலுமினியச் சட்டத்தில் செய்த 425 கிராம் ரிவால்வரில் அதே தோட்டா எட்டரை ஜூல் உதைக்கும். 1.1 கிலோ ரிவால்வரில் .357 மேக்னம் தரும் உதையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. அதாவது எடையைப் பாதியாக்கியதும் சாதாரணத் தோட்டாவே மேக்னம் போல உதைக்கிறது. அந்தக் குட்டி ரிவால்வரின் பிடியோ இரண்டு விரல்களுக்கு மட்டும் இடம் தரும் குட்டை. சுண்டுவிரல் காற்றில் தொங்கும். உதை இரட்டிப்பாகிறது, தாங்கும் பரப்பு பாதியாகிறது. அனுபவமில்லாத ஒருவருக்கு, உடலில் சிறியவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, சிறிய துப்பாக்கி வசதி என்று சொல்லி விற்கும் பழக்கம் தவறானது. சுட மிகவும் கடினமானதை அவர்கள் கையில் கொடுக்கிறோம்.

வலி எப்படிக் குறியைக் கெடுக்கிறது? குண்டு போனபின்தான் உள்ளங்கை வலியை உணர்கிறது. அந்தக் குண்டின் பாதையை வலி மாற்ற முடியாது. மாற்றுவது அடுத்த குண்டின் பாதையை. வெடி வரப்போகிறது என்று தெரிந்த உடல் முன்கூட்டியே துப்பாக்கியைக் கீழே அமுக்குகிறது, கண் மூடுகிறது. பயிற்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி வைத்திருக்கிறார்கள்: சிலிண்டரின் அறைகளில் சிலவற்றில் மட்டும் தோட்டாவும் மற்றவற்றில் வெற்றுக் கூடும் போட்டு, எது எங்கே என்று சுடுபவருக்குச் சொல்லாமல் கொடுப்பார்கள். வெற்று அறையில் குதிரை விழும்போது குழல்வாய் தலைகுனிவதை எல்லோரும் பார்க்கலாம். முதல் முறை தன்னுடைய குழல் குனிவதைப் பார்த்தவருக்குப் பிறகு யாரும் விளக்கவேண்டியதில்லை. இதனால்தான் இதம் என்பது ஆடம்பரமல்ல. வலிக்காத பிடி இருந்தால் மட்டுமே போதிய அளவு பயிற்சி எடுக்க முடியும், போதிய பயிற்சி இருந்தால் மட்டுமே உடல் அஞ்சாமல் இருக்கும்.

ரப்பர் பிடிகள் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. பக்மேயர், ஹோக் போன்ற பெயர்கள் அமெரிக்கக் காவலர்களிடம் பரவியது இப்படித்தான். ஹோக் நிறுவனத்தைத் தொடங்கியவரே லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் பணியாற்றியவர். முதுகின் உலோகத்தை ரப்பர் மூடும்போது உதை பரவலாகவும் சற்று நீண்ட நேரத்திலும் கையில் இறங்குகிறது. ஆனால் அதே ரப்பர் முதுகுக்கும் விசைக்கும் இடையிலான தூரத்தைச் சில மில்லிமீட்டர் கூட்டுகிறது. சிறிய கைக்கு இதத்தைக் கொடுத்துக் குறியைப் பறிக்கும் பேரம் இது. ரப்பர் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். ரூகர் 1985-இல் ஜிபி100 மாதிரியில் இந்த முடிச்சை வேறுவிதமாக அவிழ்த்தது. கைப்பிடி வடிவிலான முழு உலோகச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு மெல்லிய தண்டை மட்டும் கீழே நீட்டி, அதைச் சுற்றி எந்த அளவிலும் பிடி செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சட்டத்துக்குக் கை பணிவதற்குப் பதிலாகக் கைக்குச் சட்டம் பணிந்தது. ரிவால்வர் பிடியின் வரலாற்றில் இதை நான் திமிலைவிடவும் பிஸ்லியைவிடவும் முக்கியமான அடியாகக் கருதுகிறேன்.

பிரிட்டன் இதே சிக்கலை அணுகிய விதம் நம் நாட்டையும் தொடுகிறது. 1915-இல் வந்த வெப்லி மார்க் 6, அதற்கு முந்தைய மாதிரிகளின் பறவை அலகு போன்ற வளைந்த பிடியைக் கைவிட்டு, அடி சதுரமான நீண்ட பிடிக்கு மாறியது. கை நிறையப் பிடிக்க முடிந்தது. இருந்தும் .455 தோட்டாவின் உதையைப் புதிய படைவீரர்களுக்குக் குறுகிய பயிற்சியில் பழக்குவது கடினமாகவே இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் படை .38 அளவுக்கு இறங்கி, 1930-களின் தொடக்கத்தில் என்ஃபீல்டு எண் 2 ரிவால்வரை ஏற்றது. பிடியால் தீர்க்க முடியாததைத் தோட்டாவைச் சிறிதாக்கித் தீர்த்தார்கள்.

வெப்லியின் .38 வடிவத்தைப் பின்பற்றித்தான் கான்பூரில் இந்திய அரசுத் தொழிற்சாலை .32 ரிவால்வரைச் செய்துவருகிறது. அங்கிருந்து 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று அறிவித்து வந்தது நிர்பீக். டைட்டானியக் கலவையில் சுமார் அரை கிலோ எடை. .32 தோட்டா மென்மையானது. என் கணக்கில் அந்த எடையிலும் உதை 2 ஜூல் அளவே வரும், பெரிய .38 ரிவால்வரின் உதையில் பாதி. எனவே இந்த ரிவால்வரில் உதை கேள்வியே அல்ல. அரை கிலோப் பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு இரட்டைச் செயல் விசையை இழுக்க அந்தப் பெண்ணின் விரல் எட்டுகிறதா என்பதுதான் கேள்வி. அறிமுகத்தின்போது செய்திகளில் பேசப்பட்டவை எடையும் விலையும் நகைப்பெட்டி போன்ற பெட்டியும். பிடியின் சுற்றளவையும் விசை எட்டும் தூரத்தையும் யாரும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

பொருத்தம் பார்ப்பது கடினமான வேலை அல்ல. சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் காலி என்று இருமுறை உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசை நோக்கி ரிவால்வரைப் பிடிக்கவேண்டும். குழலும் முன்கையும் மேலிருந்து பார்க்க ஒரே கோட்டில் இருக்கவேண்டும். கவட்டை பிடியின் உச்சியில் இடைவெளியின்றி அமரவேண்டும். அந்த நிலையைக் கலைக்காமல் ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் படியவேண்டும். நடுவிரல் வளையத்துக்கு அடியில் அழுந்தாமல் நிற்கவேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் பிடியை மாற்றவேண்டும். கையை மாற்றிக்கொள்ள முயலக்கூடாது.

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் கேட்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியை 2016 ஆயுத விதிகள் கொண்டுவந்தன. அந்தப் பயிற்சியை நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இது: முதல் தோட்டாவைக் கொடுக்கும் முன்னால் ஒவ்வொருவரின் கையையும் அளந்து, அதற்கு ஒத்த பிடியைப் பொருத்திக் கொடுங்கள். குறி தவறிப்போகும் குண்டு எங்கோ யார்மேலோ போய்த் தைக்கும்.